நாலு பேர் மாறினால் நானும் மாறுவேன்

(மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு தெருப் பொங்கல் விழாவில் பேசியது. தலைப்பு: மனிதரின் மனம் பக்குவப்படுவது தன் முயற்சியாலா, சுற்றியிருக்கும் சமூகத்தாலா? நான் ‘சமூகத்தால்’ அணி.)

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, இந்தப் பனியிலும் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் பேசும்போது ஒரு முட்டையைக் காட்டிக் கைதட்டு வாங்கினார். வெளியேயிருந்து உடைத்தால் ஆம்லெட், உள்ளேயிருந்து உடைத்தால்தான் குஞ்சு, பக்குவமும் அப்படி உள்ளேயிருந்துதான் வர வேண்டும் என்றார். நானும் கைதட்டினேன். ஆனால் அண்ணன் கோழியை மறந்துவிட்டார். அடைகாக்காத முட்டையை ஒரு வருடம் வைத்திருந்தாலும் அது உள்ளேயிருந்து உடையாது, கூமுட்டையாகத்தான் போகும். 21 நாள் அந்தத் தாய்க்கோழி இரை தேடக்கூட அதிகம் எழுந்து போகாமல் சூடு கொடுத்து, அப்பப்போ அலகால் முட்டையைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால்தான் இருபத்தொன்றாம் நாள் உள்ளேயிருந்து ஒரு கொத்து விழும். அந்தக் கொத்து குஞ்சுடையதுதான், யாரும் மறுக்கவில்லை. அதற்கான பலம் எங்கேயிருந்து வந்தது என்பதைத்தான் இன்று ராத்திரி பேசிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் மேஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளரைச் சொன்னார். சாப்பாடு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, கடைசியில் தன்னை முழுதாக உணர்வது என்று மனிதன் ஒவ்வொரு படியாகத் தானே ஏறுகிறான் என்றார். 1943இல் மேஸ்லோ எழுதியது அதுதான், சரி. இந்தப் படிகளை அடுக்கிக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற முக்கோணப் படம் மட்டும் அவர் வரைந்ததல்ல, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. அது போகட்டும். முதல் இரண்டு படிகளை மட்டும் பாருங்கள். வயிற்றுக்குச் சாப்பாடும் ராத்திரி பயமில்லாமல் தூங்குவதும் ஒருவர் கண்ணை மூடித் தியானம் செய்து கொண்டுவருகிற காரியங்களா? ரேஷன் கடையும் தெருவிளக்கும் பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்து போட்டுக்கொடுத்த படிகள் அவை.

எரிக்சன் என்ற உளவியலாளரையும் சொன்னார்கள். பிறப்பிலிருந்து முதுமை வரை மனதுக்கு எட்டுக் கட்டங்கள் என்று பிரித்தவர். அந்தக் கட்டங்களுக்கு அவர் வைத்த பெயரே ‘உளசமூக’ வளர்ச்சி, பெயரிலேயே சமூகம் இருக்கிறது. முதல் கட்டம் என்ன தெரியுமா? நம்பிக்கையா அவநம்பிக்கையா என்பது. ஒரு வயது நிறையாத பிள்ளை அழுகிறது, யாராவது வருகிறார்களா இல்லையா, அவ்வளவுதான் அங்கே கேள்வி. வந்தால் இந்த உலகத்தை நம்பலாம் என்று அந்தப் பிள்ளையின் மனதில் பதிகிறது. வருவது யார்? இன்னொருவர்.

இதை நம் தமிழ் எப்பவோ பாடிவிட்டது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று போகும். நம்ம மீனாட்சியையே குமரகுருபரர் அப்படிக் குழந்தையாக வைத்துப் பாடியிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள், பல வருடம் இந்தப் பருவங்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள்தான் உறைத்தது, இதில் ஒரு பருவத்தில்கூடக் குழந்தை தானாக எதையும் செய்வதாகப் பாட்டு இல்லை. செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக வருக என்று எல்லாமே எதிரே நிற்கும் ஒருவர் கூப்பிடுகிற குரல். வாரானைப் பருவத்தில் பிள்ளை தள்ளாடித் தள்ளாடி எட்டு வைக்கிறது என்றால், நாலடி தள்ளி ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். ரஷ்யாவில் வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர், குழந்தையின் எந்தத் திறனும் முதலில் ஆட்களுக்கு நடுவே தோன்றி அப்புறம்தான் அதன் உள்ளே போகிறது என்றார். நம் தாய்மாருக்கு அதை யாரும் புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, நாலு பேர். எதிரணி அக்கா ஆவேசமாகச் சொன்னார், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற பயத்தை விட்டவன்தான் பக்குவப்பட்டவன் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை பேரால் முடியும்? லாரன்ஸ் கோல்பர்க் என்ற அமெரிக்கர் 1950களில் சிகாகோவில் பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பையன்களிடம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டார். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்காரர் அநியாய விலை சொல்கிறார், புருஷனிடம் பணம் இல்லை, அவன் அந்த மருந்தைத் திருடலாமா கூடாதா? கிடைத்த பதில்களை வைத்து மனித அறவுணர்வை ஆறு நிலைகளாக அடுக்கினார். அடி விழுமே என்பது முதல் நிலை. எனக்கென்ன லாபம் என்பது இரண்டாவது. நல்ல பிள்ளை என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே என்பது மூன்றாவது. சட்டம், ஒழுங்கு என்பது நான்காவது. அதற்கு மேலே உள்ள இரண்டில்தான் ஊரே எதிர்த்தாலும் நியாயம் நியாயமே என்று ஒருவர் நிற்பார். பெரியவர்களில் பெரும்பாலோர் மூன்றிலும் நான்கிலும்தான் இருக்கிறார்கள், மேலே போகிறவர்கள் மிகக் குறைவு. அக்கா, அந்த மிகக் குறைவான பேரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டா நாம் ஊரைப் பற்றிப் பேசுவது? நானும் நீங்களும் இங்கே உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேரும் அந்த நாலு பேரைப் பார்த்துத்தான் வாழ்கிறோம். அப்படியென்றால் மாற வேண்டியது அந்த நாலு பேர். அவர்கள் மாறினால் நானும் மாறுவேன், கூடவே என் பிள்ளையும் மாறும்.

அந்த மருந்துக் கதையை என் வகுப்பில் ஒருநாள் சொன்னேன். ஆறாம் வகுப்பு. பையன்கள் ‘திருடலாம்’, ‘கூடாது, போலீஸ் பிடிக்கும்’ என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, “தெருவுல நோட்டு போட்டு வசூல் பண்ணலாம்ல டீச்சர்? எங்க தெருவுல அப்படித்தான் ஒரு அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணாங்க” என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. கோல்பர்க்கின் கேள்வியில் அந்தப் புருஷன் தனி ஆள், அவனுக்குத் தெருவே கிடையாது. கேரல் கில்லிகன் என்ற அம்மா 1982இல் இதைத்தான் எடுத்துக் கேட்டார், பையன்களை மட்டும் விசாரித்துக் கட்டிய அளவுகோலில் பெண்பிள்ளைகளின் பதிலை அளந்தால் அது குறைவாகத்தானே தெரியும் என்று. என் மாணவிக்கு அந்த அளவுகோலில் எத்தனையாவது நிலை என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு அந்தப் பதிலைக் கொடுத்தது அவள் தெரு என்பது தெரியும்.

நம்ம மாவட்டத்துக்கே வருவோம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நாட்டார்மங்கலம். 1996இல் இந்த ஊர்களின் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. மனுப் போட ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். அந்தப் பத்து வருடமும் அந்த ஊர்களில் நல்ல மனசுள்ள ஆட்களே இல்லையா? இருந்தார்கள். இது தப்பு என்று வீட்டுக்குள் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள், மந்தையில் சொல்ல முடியவில்லை. தனிமனிதப் பக்குவம் திண்ணையைத் தாண்டி வரவில்லை. 2006இல் அரசு உறுதியாக நின்றது, ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார், அக்டோபரில் தேர்தல் நடந்தது, ஜெயித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 2021 அக்டோபர் 2ஆம் தேதி அதே பாப்பாபட்டியில் நடந்த கிராம சபையில் முதலமைச்சரே வந்து கலந்துகொண்டார். 2005க்கும் 2007க்கும் நடுவில் அந்த மக்கள் எல்லாரும் ஞானிகளாகிவிட்டார்களா? இல்லை. எதைச் செய்தால் ஊர் ஒதுக்கும் என்கிற கணக்கு மாறியது. அப்புறம் மனது அதன் பின்னாலேயே மெதுவாக நடந்து வந்தது, சிலருக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மனது பின்னால் நடந்து வருவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பத்தாவிடம்.

எனக்கு அப்போது எட்டு வயது, சத்துணவு ஆரம்பித்த புதுசு. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்தது, அதற்கு முன்னால் 1956லேயே காமராசர் மதிய உணவு போட்டிருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவோம். தட்டு அவரவர் வீட்டிலிருந்து வரும், சோறு ஒரே அண்டாவிலிருந்து. உட்காருவது வந்த வரிசைப்படி, தெருவாரியாக இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை காலனியிலிருந்து வருகிறவள். என் தட்டில் விழுந்த உருளைக்கிழங்கு அவள் தட்டுக்கும் அவளுடையது என் தட்டுக்கும் போகும், அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தெரியாது. ஒரு சனிக்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். அப்பத்தா உள்ளே போய்க் கொட்டாங்குச்சியைத் தேடியது. காலனிக்காரர்கள் வேலைக்கு வந்தால் அதில்தான் ஊற்றும். நான் அதற்குள் எவர்சில்வர் டம்ளரில் மோந்து கொடுத்துவிட்டேன். அப்பத்தா எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அவள் போன பிறகு அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு தரம் கழுவி, மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கல்லின் மேல் வெயிலில் கவிழ்த்து வைத்தது. சாயங்காலம் வரை அது அங்கேயே பளபளவென்று கிடந்தது.

அடுத்த முறையும் தேய்த்தது, வெயிலில் வைக்கவில்லை, திண்ணையிலேயே தனியாக வைத்தது. அந்த டம்ளர் அவளுக்கென்று ஆகிவிட்டது, அதுவும் ஒரு ஒதுக்கல்தான், இப்போது புரிகிறது. அப்புறம் எனக்கு மஞ்சள்காமாலை வந்து பதினைந்து நாள் படுத்துக் கிடந்தபோது, தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வந்து அன்றைய பாடத்தை என் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். எத்தனையாவது நாள் என்று ஞாபகமில்லை, அப்பத்தா அவளுக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தது, உள்ளே உட்காரவைத்து, அடுப்படியில் இருந்த ஏதோ ஒரு கிண்ணத்தில். கழுவியபோது நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எல்லாப் பாத்திரத்தோடும் சேர்த்துப் போட்டுவிட்டது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, எந்தப் பெரிய மனிதரும் அதற்கு உபதேசம் செய்யவில்லை. ஒரு அரசாங்கம் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவைத்தது, அந்த வரிசை எங்கள் வீட்டு அடுப்படி வரை நீண்டு வந்துவிட்டது. எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை என்பதும் தெரியும். சமைக்கிற அம்மா யார் என்று பார்த்துப் பிள்ளையை அனுப்பாத ஊர்கள் இருந்தன, இப்பவும் அந்த மாதிரிச் செய்தி வருகிறது, படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் வரிசை என்று ஒன்று இருந்ததால்தானே அந்தச் சண்டையாவது வெளியே தெரிகிறது.

காந்தியைச் சொன்னீர்கள் அண்ணே. 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தவர் காலையில் அரையாடையோடு இறங்கி வந்தார், ஒரு தனிமனிதரின் முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது என்றீர்கள். நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ரயிலில் நடந்ததையும் சொல்லியிருக்கலாம். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் கூட இருந்த ஜனங்களிடம் அந்நியத் துணியை விட்டுக் கதர் கட்டுங்கள் என்று அவர் பேசினார். அவர்கள் தலையை ஆட்டி, கதர் விலை ஜாஸ்தி, வாங்க எங்களிடம் காசில்லை என்றார்கள். இதைக் காந்தியே எழுதியிருக்கிறார். அந்தப் பதில்தான் அவரைக் குடைந்தது. பெயர் தெரியாத அந்த ரயில் பயணிகள் வாயைத் திறக்காமல் வந்திருந்தால் மேலமாசி வீதியில் அந்தக் காலை வந்திருக்குமா? மகாத்மாவுக்கும் எதிரே நின்று ஒரு குரல் தேவைப்பட்டது.

இதில் எனக்கே ஒரு பயமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. சமூகத்துக்கும் வளர்ச்சி நிலைகள் உண்டு என்று பேச ஆரம்பித்தால், யாராவது ஒரு கூட்டத்தைக் கைகாட்டி இவர்கள் கீழ்ப்படி என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளைக்காரன் சொன்னான். குற்றப் பரம்பரை என்று பிறக்கும் பிள்ளைக்கும் சேர்த்து முத்திரை குத்தினான். நம்ம பக்கத்து ஊர்களில் ரேகைச் சட்டம் என்றுதான் இன்னும் சொல்வார்கள். ஆண்பிள்ளைகள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி வீட்டில் படுக்க முடியாது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்களைச் சுட்டார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். 1947இல்தான் அந்தச் சட்டம் போனது. எரிக்சனின் முதல் கட்டத்தை இங்கே வைத்துப் பாருங்கள். அப்பன் ராத்திரி ராத்திரி எங்கேயோ போய்ப் படுத்துவிட்டு விடிந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிற வீட்டில், பிள்ளை இந்த உலகத்தை எப்படி நம்பும்? அதனால் சமூகத்தின் நிலை என்று நான் சொல்வது யாருடைய பிறப்பையும் இல்லை. ஒரு ஊர் தன் பிள்ளைகளை எப்படி உட்காரவைக்கிறது, யாருக்கு எந்தக் கதவைத் திறக்கிறது, அதைச் சொல்கிறேன். என் பள்ளிக்கூடத்திலும் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருகிற பையன்கள் உண்டு. எந்தப் பிள்ளையும் அந்தக் கயிற்றோடு பிறக்கவில்லை, கட்டிவிட்டது யாரோ அண்ணன், யாரோ மாமா. சமூகம் கெடுக்கவும் செய்யும் என்று எதிரணி சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவு பலம் அதற்கு உண்டு என்பதுதான் என் கட்சியும்.

கடைசியாக வைத்தியநாதய்யர். 1939 ஜூலை 8 அன்று, அதுவரை உள்ளே விடப்படாத மக்களைக் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தவர். அவர் ஒருவர் துணிந்ததால்தானே என்று கேட்டீர்கள். அவர் கூட நடந்தவர்கள் ஆறு பேர், அதில் ஒருவர் தும்பைப்பட்டிக் கக்கன். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை. அதே வருடம் ராஜாஜி அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. மூன்று வருடம் முன்னால் 1936இல் திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவு எல்லாச் சாதியினருக்கும் திறந்தது, அதற்கு முன்னால் 1924இல் வைக்கம் போராட்டம். அதற்கும் முன்னால் 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள் லண்டன் வரை வழக்காடி 1908இல் தோற்றுப்போனார்கள். தோற்றதும் சேர்ந்துதான் அந்த வாசலைத் தள்ளியது. திறந்த பிறகும் பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். அவர்கள் மனம் பக்குவப்படட்டும், அப்புறம் திறக்கலாம் என்று யாராவது காத்திருந்தால் இன்றைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். எல்லாரையும் விடாத கோயிலுக்குள் வரமாட்டேன் என்றிருந்த காந்தி, 1946 பிப்ரவரியில் வந்து உள்ளே போனார்.

போன மாதம் என் வகுப்புப் பிள்ளைகளை மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பொற்றாமரைக் குளத்துப் பக்கம் உட்காரவைத்து இந்த 1939 கதையைச் சொன்னேன். ஒரு பையன், தாத்தா காலத்தில் இந்தக் கோபுரத்துக்குள்ளேயே வர முடியாதிருந்த தெருவிலிருந்து வருகிறவன், “ஏன் டீச்சர் உள்ள விடல? டிக்கெட் எடுக்கலையா?” என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அவனுக்கு வேறு காரணமே தோன்றவில்லை. வேறு இடத்தில், வேறு வாசலில் அவனுக்கு அந்தக் காரணம் ஒருநாள் தெரியவரும், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்த வாசலில் அவனுக்குத் தெரியவில்லை. என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், தங்கத் தாமரையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அவன் மற்ற பிள்ளைகளோடு படிக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா. வணக்கம்.